அக்கா, தம்பி, ஒரே பத்தியம்

2023 மே மாதம் இரண்டாவது வாரம், கிரோன் என்ற குடல் அழற்சி நோய்க்காக என்னிடம் உணவு ஆலோசனை பெற்றுவந்த ஒருவர் என் அறைக்கு வந்து உட்கார்ந்தபோது, கையில் இருந்த ரிப்போர்ட்டில் மலக் கால்புரொடெக்டின் 960 என்று இருந்தது. ஆறு வாரத்துக்கு முன்பு அது 1140. குடலுக்குள் அழற்சி எப்படி இருக்கிறது என்பதைக் குழாய் விடாமலே ஓரளவு சொல்லிவிடுகிற பரிசோதனை இது. 250க்கு மேல் போனால் உள்ளே இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஆறு வாரமும் நான் எழுதிக் கொடுத்ததைத்தான் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "எல்லாம் நீங்க சொன்னபடிதாங்க மேடம்" என்றார், மலர்ந்த முகத்தோடு.

நான் நம்பிவிட்டேன். 'உணவு முறை பலன் தரவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன். அதை எழுதியிருந்தால் அடுத்த படி, அழற்சியை அடக்குகிற இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி. தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இவருக்கு அது தேவையா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அவர் அந்த உணவைப் பாதியிலேயே விட்டிருந்தார்.

இந்த நிகழ்வு ஆய்வு அவரையும் அவருடைய அக்காவையும் பற்றியது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். இருவரும் என்னிடம் வந்தவர்கள். எழுதிக்கொள்ள இருவரும் சம்மதித்தார்கள். ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஊர், தொழில் விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

இருவருக்கும் ஒரே நோய்

கிரோன் நோய் என்பது குடல் அழற்சி நோய்களில் ஒன்று. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும் என்றாலும், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் அதிகம் வரும். 1932ல் நியூயார்க்கில் பர்ரில் கிரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தப் பெயர். நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. குடல் காசநோயும் அதே இடத்தில், அதே மாதிரிப் புண்ணோடு, அதே எடைக் குறைவோடு வரும். திசுப் பரிசோதனையிலும் பல சமயம் பிரித்துச் சொல்ல முடியாது. தம்பிக்கும் அப்படித்தான் ஆனது. 2022ல் 8 மாதத்தில் 11 கிலோ இறங்கி, வலது அடிவயிற்றில் வலியோடு வந்தார். காசநோய் மருந்துதான் முதலில் தொடங்கினார்கள். 2 மாதம் கழித்து மறுபடி கொலோனோஸ்கோபி செய்து, அதாவது குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தபோது புண் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் கிரோன் என்று முடிவானது.

அக்காவுக்கு இது 2018லேயே வந்துவிட்டது. உடன்பிறந்தவர்களுக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வருகிற வாய்ப்பு பொது மக்களைவிடக் கூடுதல் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த அம்மாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். "ரெண்டு பேருக்கும் நான் என்னத்தக் கொடுத்து வளத்தேன்?" என்று கேட்டார். உங்கள் சமையலால் வந்ததில்லை அம்மா என்று அவரிடம் 3 முறையாவது சொல்லியிருப்பேன். 4வது முறையும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

அக்கா மேலூர்ப் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை, அப்போது வயது 37. தம்பிக்கு 31, தெற்கு மாசி வீதியில் ரெடிமேட் மொத்த வியாபாரம். இருவருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியின் வேகத்தை அடக்குகிற அசதியோபிரின் மாத்திரை போய்க்கொண்டிருந்தது. தம்பிக்கு ஸ்டீராய்டு கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். நிறுத்திய ஒரே மாதத்தில் நோய் திரும்பியது. 50 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 17.3, ஹீமோகுளோபின் 10.2. இன்னொரு சுற்று ஸ்டீராய்டு வேண்டாம், ஊசிக்குப் போகும் முன் 12 வாரம் உணவு முறையைப் பார்க்கலாம் என்றார் குடல் நோய் மருத்துவர். குடலில் சுருக்கம் எதுவும் இல்லாததால் அது சாத்தியமாக இருந்தது. மாத்திரையை நிறுத்தவில்லை, உணவு மாத்திரையோடு சேர்ந்துதான்.

மதுரை அடுப்பில் அந்த உணவு

கிரோன் நோய்க்கு உணவே சிகிச்சையாகப் பலன் தரும் என்பதற்கு நல்ல சான்று குழந்தைகளிடமிருந்து வந்தது. 6 முதல் 8 வாரம் வேறெதுவும் இல்லாமல் ஊட்டச்சத்துப் பானம் மட்டுமே கொடுத்தால் பலருக்கு அழற்சி அடங்கிவிடுகிறது. குழந்தைகளுக்கு இதுதான் முதல் சிகிச்சை என்றே வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. பெரியவர்களிடம் பெரிதாக எடுபடாததற்கு முக்கியக் காரணம், அவர்களால் குடித்துக்கொண்டே இருக்க முடிவதில்லை. இஸ்ரேலில் ஏரி லெவின் என்ற மருத்துவரின் குழு பாதிப் பானம், பாதி உணவு என்று ஒரு முறையை அமைத்து, 2019ல் குழந்தைகளிடம் செய்த ஆய்வை வெளியிட்டது. பானம் மட்டும் குடித்தவர்களில் 73.6 சதவீதம் பேர்தான் தாக்குப்பிடித்தார்கள். பாதி உணவு சாப்பிட்டவர்களில் 97.5 சதவீதம். இந்த இரண்டு எண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எவ்வளவு நல்ல உணவு முறையாக இருந்தாலும் ஆள் அதில் நிற்க வேண்டும் அல்லவா?

நாங்கள் இருவருக்கும் கொடுத்தது இந்த முறையைத் தழுவியதுதான். முதல் 6 வாரம் கடுமையானது. கோதுமை, மைதா இல்லை. பால், தயிர், மோர் இல்லை. ஆட்டுக்கறி இல்லை. பாக்கெட்டில் வருகிற எதுவும் இல்லை. பருப்பு வகை இல்லை. பருப்பு இல்லை என்றால் உளுந்தும் இல்லை. உளுந்து இல்லை என்றால் இட்லி, தோசை இல்லை. மதுரைக்காரரிடம் ஆறு வாரம் இட்லி சாப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பது லேசான வேலை இல்லை. அரிசி உண்டு. அதனால் வீட்டில் அரைத்த மாவில் இடியாப்பம், அதற்குத் தேங்காய் போடாமல் தக்காளி வெங்காயத்தில் முட்டைக் குழம்பு. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, மிளகும் மஞ்சளும் இஞ்சி பூண்டும் போட்டு. தினமும் 2 முட்டை, 2 வாழைப்பழம், தோல் சீவிய 1 ஆப்பிள், அவித்து ஆறவைத்த 2 உருளைக்கிழங்கு. மீதிக் கலோரிக்குப் பவுடர் கரைத்த பானம். 7வது வாரத்திலிருந்து தடைகள் ஒவ்வொன்றாகத் தளரும், பானமும் பாதியாகக் குறையும். 12 வாரத்துக்குப் பிறகு இன்னும் தாராளம்.

அக்கா 2022 ஜூனில் இதைத் தொடங்கினார். 12 வாரத்தில் அவருடைய கால்புரொடெக்டின் 870லிருந்து 92க்கு வந்தது. அதே தாளைத்தான் அடுத்த வருடம் மார்ச் கடைசியில் தம்பிக்கும் கொடுத்தேன். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே நோய், ஒரே சமையல். ஒருவருக்குப் பலித்தது அடுத்தவருக்கும் பலிக்கும் என்று நினைத்தேன்.

காதுகுத்து

பேனாவை எடுத்த இடத்துக்கு வருகிறேன். எழுதுவதற்கு முன்னால், ஏனென்று தெரியாமல், வேறொரு கேள்வி கேட்டேன். "தம்பி, இந்த ஆறு வாரத்துல வீட்ல ஏதும் விசேஷம் உண்டா?" என்றேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்கிற மனிதர், விசேஷத்தைப் பற்றிக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உசிலம்பட்டிப் பக்கம் பெரியப்பா மகளின் குழந்தைக்குக் காதுகுத்து. இவர்தான் தாய்மாமன். குழந்தை இவர் மடியில் உட்கார்ந்துதான் முடியெடுத்தது, காது குத்தியது. சீர் கொண்டு போனது, குழந்தை அழுததும் இவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது எல்லாவற்றையும் சொன்னார். அப்புறம் பந்தி. குலசாமிக்குக் கிடா வெட்டியிருந்தார்கள். தாய்மாமனை முதல் பந்தியில் நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். பெரியம்மாவே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து இலையில் கறியை வைத்தார்.

"வேணாம்னு எப்படிங்க மேடம் சொல்றது? அவங்க முகம் சுண்டிப் போயிரும்ல."

சரி, ஒரு வேளை. ஒரு வேளையால் கால்புரொடெக்டின் 960ல் நிற்காது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அதான் பத்தியம் முறிஞ்சு போச்சேங்க."

இந்த ஒரு வார்த்தையை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். நான் 'உணவு முறை' என்று சொன்னதை அந்த வீட்டில் எல்லோரும் 'பத்தியம்' என்றுதான் புரிந்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பும் எண்ணெயும் தள்ளி வைத்த பாட்டி இருந்த வீடு அது. பத்தியம் என்றால் ஒரு கட்டு. கட்டு முறிந்தால் மருந்தும் முறிந்தது. மிச்ச நாள் இருப்பதில் அர்த்தமில்லை. காதுகுத்து நடந்தது 3வது வாரம். அதற்குப் பிறகு 3 வாரம் அவர் தெற்கு மாசி வீதிக்குத் திரும்பி, பழையபடி இருந்திருக்கிறார். கடைக்கு வருகிற ஒவ்வொரு பார்ட்டியோடும் ஒரு டீ, ஒரு நாளைக்கு 6, 7 டீ. தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் சரக்கு எடுக்க வருகிறவர்களை ராத்திரி கூட்டிக்கொண்டு போய்ப் பரோட்டா, சால்னா. அவர் ஜிகர்தண்டாவைத் தொடவே இல்லை, ஒரு மாதிரி பெருமையோடு அதைச் சொன்னார். தனியாக இருக்கும்போது எதையும் விடத் தயங்காத மனிதர் அவர். எதிரில் ஒருவர் உட்கார்ந்தால்தான் சிக்கல்.

"இதையெல்லாம் என்கிட்ட ஏன் சொல்லல தம்பி?"

"நீங்க சங்கடப்படுவீங்களேன்னுதாங்க மேடம்."

பெரியம்மாவின் முகம் சுண்டக் கூடாது என்று கறியைச் சாப்பிட்ட அதே குணம்தான் என் முகமும் சுண்டக் கூடாது என்று 'எல்லாம் நீங்க சொன்னபடிதான்' என்றும் சொல்ல வைத்தது. உளவியலில் ஆளுமையை 5 அம்சமாகப் பிரிப்பார்கள்: ஒழுங்குணர்வு, இணக்கம், புறநோக்கு, மனப்பதற்றம், புதியதை ஏற்கும் மனம். 194 ஆய்வுகளைத் தொகுத்து 2004ல் வந்த ஒரு கட்டுரை, ஒழுங்குணர்வு கூடியவர்கள் உடல்நலத்துக்கு நல்ல பழக்கங்களில் நிற்கிறார்கள் என்று காட்டியது. அதனால் சிகிச்சையில் நிற்பது என்றாலே எங்கள் கவனம் ஒழுங்குணர்வின் மீதுதான் போகும். இணக்கமான நோயாளி எங்களுக்குத் தொந்தரவே தர மாட்டார், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: தாட்சண்யம். அவருக்கு என் மேலும் தாட்சண்யம் இருந்தது.

மாலை போட்டால்

இனி என்ன செய்வது என்று இருவரும் யோசித்தபோது, அவரே பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "மாலை போட்டுருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டாங்ய மேடம்." சபரிமலைக்கு 9 வருடம் போயிருக்கிறார். வருடம் ஒரு மண்டலம், 48 நாள். கறி இல்லை, வெளிச் சாப்பாடு இல்லை, காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் படுக்கை. ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டில் எல்லோரும் 'வாயைக் கட்டத் தெரியாதவன்' என்று சொல்கிற மனிதர், 9 வருடம் 48 நாள் கணக்காக வாயைக் கட்டியிருக்கிறார். மன உறுதி இல்லாதவர் என்று நான் எழுதியிருந்தால் அது பொய். மாலை போட்டவரைப் பார்த்ததும் டீக்கடைக்காரர் தனி டம்ளர் எடுக்கிறார், பெரியம்மா சாமிக்கென்று தனியாகச் சமைக்கிறார், பார்ட்டிகள் 'சாமி' என்று கூப்பிட்டுவிட்டுத் தாங்களே பரோட்டா சாப்பிடப் போகிறார்கள். மறுப்பதற்கான வேலையை ஊரே எடுத்துக்கொள்கிறது. அவர் யாருடைய முகத்தையும் சுண்ட வைக்க வேண்டியதில்லை. நான் கொடுத்த தாளோ அவருடைய சட்டைப் பையில் மடித்து, யாருக்கும் தெரியாமல் இருந்தது. கூட்டத்தில் வாழ்கிற மனிதருக்கு ரகசியமான ஒரு விரதத்தைக் கொடுத்திருக்கிறேன்.

நோய்க்காக மாலை போடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் அதன் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? முதலில், நோயை மறைப்பதை நிறுத்தினார். அது சுலபமாக இல்லை. அடிக்கடி கக்கூஸ் போகிற நோய் என்று கடைவீதியில் சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும். 'குடல்ல புண்ணு, மூணு மாசம் சிகிச்சை நடக்குது' என்ற ஒற்றை வரியை இருவரும் சேர்ந்து உருவாக்கினோம். அதை என் முன்னாலேயே 4, 5 தடவை சொல்லிப் பார்த்தார். முதல் தடவை சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னதால் எடுபடவில்லை. சிரிக்காமல் சொல்லப் பழகுவதற்கே அரைமணி நேரம் ஆனது. டீக்கடைக்காரரிடம், வழக்கமான பார்ட்டிகளிடம், அவருடைய குருசாமியிடம் அவரே சொன்னார். பெரியம்மாவிடம் நான் ஃபோனில் பேசினேன். "இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் புள்ளைக்கு நானே கோழி அடிச்சுக் கொழம்பு வச்சிருப்பேனே" என்று என்னை வைதார். வைதது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடையில் ஒரு பிளாஸ்க் வைத்துக்கொண்டார், அதில் பானம். பார்ட்டி டீ குடிக்கும்போது இவர் பானத்தை டீ டம்ளரில் ஊற்றிக் குடிப்பார். கையில் ஒரு டம்ளர் இருந்தால் போதும், எதிரில் இருப்பவருக்குத் தனியாகக் குடிக்கிற உறுத்தல் வராது. ராத்திரிப் பார்ட்டியோடு போவதை நிறுத்தச் சொல்லவில்லை. 7 மணிக்கு வீட்டில் இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுப் போய், கூட உட்கார்ந்து பேசிவிட்டு வரச் சொன்னேன். இவருக்கு வேண்டியது பேச்சு. அதைப் பறித்தால் மற்றதும் நிற்காது.

'பத்தியம்' என்ற சொல்லையும் மாற்றினோம். ஒரு வேளை தவறினால் அந்த வேளை மட்டும்தான் போனது, அடுத்த வேளை கணக்கு தொடர்கிறது என்று. வியாபாரியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, ஒரு பார்ட்டி பணம் தராமல் இழுத்தால் கடையையே மூடிவிடுவீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இந்தத் தலையாட்டலை நான் உடனே நம்பவில்லை. வாரம் ஒரு தடவை ஃபோன் செய்து, 'இந்த வாரம் யார் யார் வந்தாங்க?' என்று மட்டும் கேட்டேன். ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது சாப்பாடும் தானாக வந்துவிடும். இப்படித்தான் ஆடியில் ஒரு கூழ் ஊற்றும் விழாவில் இரண்டு செம்பு கூழ் குடித்ததும், மறுநாளே கணக்கைத் தொடர்ந்ததும் தெரிந்தது.

மே கடைசியில் முதல் வாரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். ஜூலையில் கால்புரொடெக்டின் 310. ஆகஸ்டில் 140, எடை 55. ஊசி தேவைப்படவில்லை. அடுத்து வரும் வருடங்களில் தேவைப்படலாம். அப்போது அது தோல்வி ஆகாது என்பதை இப்போதே அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நல்ல நோயாளி

காதுகுத்து பேசிய அந்த நாளிலேயே, எழுந்து கதவு வரை போன தம்பி திரும்பி நின்றார். "வீட்ல எப்பப் பாத்தாலும் அக்காவப் பாரு, அக்காவப் பாருங்கிறாங்க மேடம். ஆனா அக்கா ஒண்ணுமே சாப்பிடுறதில்ல. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா மாதிரி ஒரு நோயாளி எங்களுக்குக் கிடைப்பது அபூர்வம். நேரத்துக்கு வருவார். 200 பக்க நோட்டு ஒன்று, ஸ்கேலால் கோடு போட்டது. தேதி, நேரம், உணவு, அளவு, வயிற்று நிலை என்று 5 கட்டம். சாப்பிட்டதற்கு நீல மை, வயிறு சரியில்லை என்றால் சிவப்பு மை. அந்த நோட்டை நான் மற்ற நோயாளிகளுக்குக் காட்டியிருக்கிறேன், 'இப்படி எழுதுங்கள்' என்று. 2022 டிசம்பரில் எடை 48, பரிசோதனை எல்லாம் நன்றாக இருந்தது. அதற்கப்புறம் என்னிடம் வர வேண்டிய தேவை இல்லை என்று முடிவு செய்தது நான்தான். சிரமப்படுகிற நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

2023 ஜூனில் கூப்பிட்டு அனுப்பினேன். 155 செமீ உயரம், 41.5 கிலோ. பிஎம்ஐ 17.3, தம்பி நோயின் உச்சத்தில் வந்தபோது இருந்த அதே எண். கால்புரொடெக்டின் 38, அதாவது அழற்சி இல்லவே இல்லை. நோய் அடங்கிய உடம்பு பட்டினியால் தேய்ந்துகொண்டிருந்தது. வைட்டமின் டி மிகக் குறைவு. பி12ம் குறைவு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பி12 உறிஞ்சப்படும் என்பதால் இந்த நோயில் அதை எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முடி கொத்துக் கொத்தாக உதிர்வதைத் தலைக்குப் பூ வைத்து மறைத்திருந்தார்.

நோட்டை வாங்கி இந்தத் தடவை முழுதாகப் படித்தேன். எங்கே தொடங்கியது என்பது அதிலேயே இருந்தது. 8வது வாரம், பருப்பு சாதம் சாப்பிடலாம் என்று தளர்த்திய முதல் வாரம். நீல மையில் 'பருப்பு சாதம், 1 கரண்டி'. அடுத்த கட்டத்தில் சிவப்பு மையில் 'இரைச்சல், வாயு'. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. அதற்குப் பிறகு நோட்டில் பருப்பு வரவே இல்லை. அடுத்த மாதம் கேரட், அதன் பிறகு மீன், அதன் பிறகு தக்காளி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு வரி, ஒரு கோடு. கடைசியில் 6 பொருள் மிஞ்சியிருந்தது. முதல் 6 வாரத்துக்கு மட்டும் என்று நான் சொன்ன கட்டுப்பாட்டைவிடக் கடுமையான ஒன்றை ஒரு வருடமாகக் கடைப்பிடித்திருக்கிறார். 12 மாதமாக அவர் ஒரு இட்லி சாப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் மதியம் ஆசிரியர் அறைக்குப் போகாமல் வகுப்பறையிலேயே தனியாகச் சாப்பிடுகிறார். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

அவரிடம் ஒழுங்குணர்வு உச்சத்தில் இருந்தது, கூடவே மனப்பதற்றமும். இந்த இரண்டும் சேர்ந்தால் விதி தன்னால் வளரும். நான் கொடுத்த தாளில் எப்போது கட்டுவது என்று தெளிவாக இருந்தது. எப்படி அவிழ்ப்பது என்பதை 'மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரியில் விட்டிருந்தேன். 'சேர்த்துக்கொள்ளலாம்' என்பது அவருக்கு விதியே இல்லை. 'லாம்' என்று முடிகிற எதையும் அவர் செய்ய மாட்டார்.

"திரும்ப ரத்தம் போறதைப் பாக்குறதுக்குப் பதிலா பசியோட இருந்துரலாம் மேடம்" என்றார். 2018ல் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, பிள்ளைகள் முன்னால் அவசரமாக ஓட வேண்டி வந்து, போய்ச் சேர முடியாமல் போன ஒரு நாளைப் பற்றி அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னார். 5 வருடமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. அதைக் கேட்டபின் அந்தச் சிவப்பு மையை நான் வேறு மாதிரிப் பார்த்தேன்.

அவிழ்ப்பதற்கும் ஒரு அட்டவணை

இதைத் தனியாகச் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினோம். உணவுக்குப் பயந்து ஒதுங்குவது தனியாகச் சிகிச்சை தேவைப்படுகிற ஒரு நிலை. என் பங்குக்குச் செய்தது இரண்டு.

ஒன்று, இரைச்சலுக்கும் அழற்சிக்கும் உள்ள வித்தியாசத்தை அவருடைய நோட்டிலேயே காட்டியது. நோய் அடங்கிய பிறகும் பலருக்கு வயிறு சத்தம் போடும், உப்பும். பல மாதம் தள்ளி வைத்த பருப்பு திரும்ப வந்தால் யாருக்குமே வாயு வரும். சிவப்பு மையில் எழுதிய 31 நாட்களுக்கு நேராக, அந்தந்தக் காலத்துக் கால்புரொடெக்டின் எண்களைப் பென்சிலால் எழுதினேன். எல்லாமே 100க்குக் கீழே. ரொம்ப நேரம் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கணக்கு டீச்சருக்கு என் வார்த்தையைவிட எண்கள் மேல் நம்பிக்கை அதிகம்.

இரண்டாவது, 'லாம்' என்பதை எடுத்துவிட்டேன். வாரம் 2 புதிய உணவு, செவ்வாயும் வெள்ளியும். என்ன உணவு, எத்தனை கரண்டி என்று 16 வாரத்துக்கு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு உணவை நீக்க வேண்டுமானால் 3 தடவை சாப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகு என்னைக் கேட்டுத்தான் நீக்க வேண்டும். தம்பிக்கு விதிகளைத் தளர்த்திய நான், அக்காவுக்குச் சாப்பிடுவதையே விதியாக்கினேன்.

முதல் உணவு இட்லி. அதை வீட்டில் தனியாகச் சாப்பிட முடியாது என்றார், மருத்துவமனை கேன்டீனில் என்னோடு சாப்பிடலாமா என்று கேட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தட்டில் ஒரு இட்லி, சட்னி எதுவும் இல்லை. நான் எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். ஓரத்தைப் பிய்த்து வாயில் வைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டைத் திறந்து 8.10 என்று எழுதினார். பாதி இட்லிக்கு 20 நிமிடம் ஆனது. மீதிப் பாதியை எடுக்கும்போது கை லேசாக நடுங்கியது. "புளிச்சிருக்கு" என்றார். அது நல்ல புளிப்பா கெட்ட புளிப்பா என்று கேட்டேன். "நல்ல புளிப்புதான். மறந்தே போச்சு" என்றார்.

தம்பிக்கு நடந்தது மாதிரி இங்கே வேகமாக எதுவும் நடக்கவில்லை. 3வது வாரம் பருப்பு சாதத்தில் நின்றுவிட்டார். இரண்டு வாரம் ஃபோனையும் எடுக்கவில்லை. அப்புறம் தம்பிதான் போய்ப் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று இருவருமே சொல்லவில்லை. மறுபடி வந்தபோது நோட்டில் பருப்பு சாதத்துக்கு நேராக மூன்று தேதிகள் இருந்தன, மூன்றும் நீல மையில். 2023 டிசம்பரில் எடை 45 ஆனது, அடுத்த சித்திரைக்கு 47. அசைவ ஹோட்டல் வாசலைக்கூட இன்னும் மிதிப்பதில்லை. கல்யாணத்துக்குப் போகிறார், பந்தியில் உட்காருவதில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம் உணவுத் தாளைக் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கிறேன். வாழ்க்கையில் இதுவரை எதையாவது நாள் கணக்கு வைத்து விட்டிருக்கிறீர்களா, அதை எப்படி முடித்தீர்கள்? விரதம், நோன்பு, பரீட்சைக்குப் படிக்கும்போது டிவியை விட்டது, எதுவானாலும் சரி. கூட யார் இருந்தார்கள், யாருக்குத் தெரியும், முடிந்த அன்று என்ன சாப்பிட்டார்கள் என்றெல்லாம் அதிலிருந்து வரும். போன மாதம் வாடிப்பட்டியிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவி, ரம்ஜான் நோன்பு 30 நாளும் வைப்பேன், ஆனால் பெருநாள் முடிந்து ஒரு வாரத்துக்குப் பகலில் சாப்பிடவே பயமாக இருக்கும் என்றாள். அவளுடைய தாளில் முதலில் அவிழ்க்கும் தேதிகளைத்தான் எழுதினேன்.

அக்காவின் அட்டவணை 16 வாரம் என்று போட்டது, ஒரு வருடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இன்னும் 4 உணவு பாக்கி. அதில் ஒன்றை அவரே சேர்த்திருக்கிறார், என் கையெழுத்துக்குக் கீழே, அவருடைய அழகான எழுத்தில்: 'கல்யாண வீட்டுச் சாம்பார், பந்தியில் உட்கார்ந்து, 2 கரண்டி.' தேதிக் கட்டத்தில், பெரியம்மா வீட்டில் அடுத்த விசேஷம் என்று எழுதியிருக்கிறார்.